தோல், இரும்பு, தொண்டை: மலைச்சரிவின் முதல் இசைத்தட்டுக்கு ஒரு முன்கதை

இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்து இரும்புத் தகட்டுப் பட்டறை ஒன்றில் 17 வயதுப் பையன் ஒருவன் வேலை பார்த்தான். 1965ஆம் வருசம். வேலையை விட்டு நிற்கிற கடைசி நாள். அன்றைக்கு மிசின் அவனுடைய வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனிகளையும் எடுத்துக்கொண்டது. பையன் இடதுகைக்காரன். அவனுக்கு வலது கைதான் கிதார் தந்தியை அழுத்துகிற கை. கதை அதோடு முடிந்திருக்கணும். பட்டறை மேஸ்திரி ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். தீ விபத்தில் இரண்டு விரல் செயலிழந்துபோன நாடோடி இனத்துக் கலைஞர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் வாசித்த தட்டு. பையனுக்கு ரோசம் வந்துவிட்டது. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தான். தந்தியைப் பிடிக்கிற பக்கத்தில் பழைய ஜாக்கெட்டில் இருந்து தோலை வெட்டி ஒட்டினான். கனத்த தந்தியை அழுத்த முடியாததால் மெல்லிய தந்தியாகப் போட்டுக்கொண்டான். பிற்பாடு தந்தியின் முறுக்கத்தையும் தளர்த்தினான். தளர்ந்த தந்தியிலிருந்து அடிவயிற்றைப் பிடிக்கிற கனத்த ஒலி வந்தது. டோனி அயோமி என்ற அந்தப் பையனும் அவன் கூட்டாளிகளும் ‘பிளாக் சப்பாத்’ என்ற பெயரில் 1969 அக்டோபர் 16 அன்று லண்டனில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்து, ஒரே நாளில் தங்கள் முதல் ஆல்பத்தை வாசித்து முடித்தார்கள். 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை, அது வெளியானது. மழையும் இடியும் கோயில் மணியும் கேட்டுத்தான் அந்தத் தட்டு தொடங்கும். விமர்சகர்கள் காறித் துப்பினார்கள். இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் அது 8ஆம் இடம் வரை போனது. ஹெவி மெட்டல் என்று இன்றைக்கு உலகம் பூராவும் சொல்லுகிற இசைக்கு அதைத்தான் பிறப்புச் சான்றிதழாகக் காட்டுகிறார்கள்.

வெள்ளைக்காரன் விரல் கதை நமக்கு எதற்கு என்று கேட்கிற தோழர்கள் உண்டு. எனக்கு அதில் விரலைவிட அந்தத் தோல்தான் முக்கியம். விரல்நுனியில் ஒட்டின துண்டுத் தோல். அந்தக் குழுவில் பாடின ஓசி ஆஸ்பார்ன் சின்ன வயதில் மாடறுக்கிற கொட்டிலில் வேலை பார்த்தவர். நாலு பேரும் ஆஸ்டன் என்ற தொழிலாளர் பகுதியில், யுத்தத்தில் குண்டு விழுந்த தெருக்களில் வளர்ந்தவர்கள். தோல், ரத்தம், இரும்பு, இடிந்த வீடு. இதைப் படிக்கும்போது நம் சனங்கள் யாருக்கும் ஒரு பரிச்சயம் தோணாமல் இருக்காது. ஆனால் அந்தப் பரிச்சயத்தை நம்பி ரொம்பத் தூரம் போய்விடக்கூடாது. மாடறுத்த ஓசியின் மகளை யாரும் மாடறுக்கிறவன் மகள் என்று குவளையைத் தனியாக வைத்து நீட்டவில்லை. கொட்டிலை விட்டு வெளியே வந்த அன்றைக்கே அந்த ரத்தம் அவர் கையை விட்டுப் போய்விட்டது. இங்கே தோலைத் தொட்டவன் தொடாத பேரனுக்கும் அந்த வாடையைச் சுமத்துகிறார்கள். வர்க்கத்தின் காயம் வேற, சாதியின் காயம் வேற. இரண்டும் ஒரே உடம்பில் இருக்கும்போது எந்தக் காயத்திலிருந்து சத்தம் வருகிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரியணும்.

இன்னொன்றையும் சொல்லிவிடணும். பிளாக் சப்பாத் முதலில் ப்ளூஸ் வாசித்த குழு. ப்ளூஸ் அமெரிக்காவின் பருத்திக் காட்டில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட கறுப்பு மக்களின் பேரப்பிள்ளைகள் பாடினது. அதை எடுத்து இங்கிலாந்துப் பையன்கள் மின்சாரத்தில் ஏற்றினார்கள், கோடி கோடியாகச் சம்பாதித்தார்கள். வில்லி டிக்சன் என்ற கறுப்புப் பாடலாசிரியர் தன் பாட்டை லெட் செப்பலின் குழு எடுத்துக்கொண்டதாக 1985இல் வழக்குப் போட வேண்டியிருந்தது. 1987இல் சமரசமாக முடித்தார்கள். பட்டறைத் தொழிலாளிகளின் இசைக்கும் அடியில் இன்னொரு உழைப்பாளியின் தொண்டை இருந்தது. இந்த அடுக்கை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

நம் தெற்கில் இந்த இசை எப்படி வந்தது? பட்டறை வழியாக வரவில்லை. கான்வென்ட் வழியாகவும் பொறியியல் கல்லூரி விடுதி வழியாகவும் வந்தது. பெங்களூரிலும் கொச்சியிலும் சென்னையிலும் நல்ல குழுக்கள் தோன்றின. கொச்சியில் 1990களின் நடுவில் கிளம்பிய ‘மதர்ஜேன்’ குழு 2000களின் தொடக்கத்தில் தன் முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்தது. அதன் கிதார்காரர் பைஜு தர்மஜன் கர்நாடக சங்கீதத்தின் கமகத்தை மின்கிதாரில் இழைத்து வாசித்துப் பெயர் பெற்றார். 2007 மார்ச்சில் பெங்களூர் அரண்மனை மைதானத்தில் ‘அயர்ன் மெய்டன்’ வந்து வாசித்தபோது தெற்கு முழுக்க இருந்து கறுப்புச் சட்டைப் பையன்கள் ரயிலேறிப் போனார்கள். அந்தப் பையன்களின் கோபம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பெரும்பாலும் இங்கிலீசில் கோபப்பட்டார்கள். அங்கே வேலைக்காரன் கையிலிருந்து பிறந்தது, இங்கே கடல் தாண்டி வந்ததும் படித்தவன் அறைக்குள் போய் உட்கார்ந்தது. மெட்டலைத் தமிழ் மண்ணோடு சேர்க்கிறோம் என்று கிளம்பினவர்களுக்கும் கைக்கு எட்டின தூரத்தில் வீணையும் மிருதங்கமும்தான் இருந்தன. பறை இருக்கிற தெரு அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் அது இசை என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

*

போடிநாயக்கனூரில் நின்றுகொண்டு இந்தக் கதையை மேற்கே திரும்பிப் பார்க்கலாம். ஊருக்கு மேற்கே சுவர் மாதிரி மலை. போடிமெட்டுக்கு ஏறுகிற சாலையில் 17 கொண்டை ஊசி வளைவு. மேலே ஏறினால் கேரளம்: பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை. ஏலமலை என்று சொல்லுகிற பூமி அது. காய் அங்கே விளைகிறது, கை இங்கேயிருந்து போகிறது. விளைந்த காயில் பெரும்பங்கு திரும்ப இங்கேதான் இறங்கிவருகிறது. தமிழில் ஏலக்காயும் ஏலம், கூவி விற்பதும் ஏலம். ஏலத்தை ஏலம் போடுகிற ஊர் என்றால் அது போடிதான். கிடங்குகளில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காயைப் பொறுக்கி, நிறம் பார்த்து, பருமன் பார்த்துப் பிரிக்கிறார்கள். எட்டு மில்லிமீட்டர் காய்க்கு ஒரு விலை, அதற்குக் கீழே ஒரு விலை. நறுமணப் பொருள் வாரியம் 2007இல் மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்த பிறகு கூவுகிற சத்தமும் போய்விட்டது. பொத்தானை அமுக்குகிறார்கள், விலை ஏறுகிறது. 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாய் வரை ஏறியது. அந்த வருசம் ஏலக்காய் ராஜா ஆகிவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. பொறுக்கின கை ராஜா ஆனதாக எங்கேயும் படிக்கவில்லை.

தேயிலை வேலை எல்லாருக்கும் தெரியும், சினிமாவில் பார்த்திருக்கிறோம். ஏல வேலை அப்படி இல்லை. தேயிலைக்காரி நின்று கிள்ளுவாள். ஏலத்தில் காய் செடியின் அடியில், தரையோடு தரையாகப் படர்கிற சரத்தில் பிடிக்கும். குந்தி உட்கார்ந்து, ஈரத்துக்குள் கைவிட்டு, முற்றின காயை மட்டும் தடவிப் பார்த்து எடுத்து, அப்படியே நகர்ந்து நகர்ந்து போகணும். செடி ஆள் உயரத்துக்கு மேலே. மேலே நிழல்மரம். பக்கத்து நிரையில் இருக்கிறவள் முகம் தெரியாது. அதனால் சத்தம் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். கூப்பிட்டுக்கொள்வது, வம்பு பேசுவது, பாட்டுக்கட்டுவது. யானை நடமாட்டம் உள்ள காடு; 2023இல் அரிக்கொம்பன் என்ற யானை சின்னக்கானலில் பிடிபட்டு வேறு காட்டில் விடப்பட்டு, அங்கேயிருந்து கம்பம் டவுனுக்குள்ளேயே இறங்கிவந்ததை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரிக் காட்டில் மனுசக் குரல் இருந்துகொண்டே இருக்கணும். பாட்டு என்பது இங்கே பொழுதுபோக்கு இல்லை, ஆள் இருக்கிறேன் என்கிற அறிவிப்பு. பண்டிதர்கள் இதற்கு ‘தொழிற்பாடல்’ என்று பெயர் வைத்துத் தொகுதி போட்டார்கள். பாடினவள் பேர் பெரும்பாலும் தொகுதியில் இருக்காது. ‘நாட்டார் பாடல், தேனி வட்டாரம்’, அவ்வளவுதான்.

விடியக் கருக்கலில் ஜீப்புகள் கிளம்பும். எத்தனை பேர் ஏற்றலாம் என்று சட்டத்தில் ஒன்று இருக்கிறது, ஜீப்பில் ஒன்று இருக்கிறது. போடி, தேவாரம், கோம்பை, கம்பம் பக்கத்துச் சேரித்தெருக்களிலிருந்து பெண்கள் தூக்குவாளியோடு ஏறுவார்கள். பள்ளர், பறையர், சக்கிலியர் என்று தனித்தனித் தெருவில் இருக்கிறவர்கள், பிற ஏழைச் சாதிக்காரர்கள், எல்லாரும் ஒரே ஜீப்பில் இடித்துக்கொண்டு போவார்கள். 1989இல் போடியிலும் சுற்றுவட்டாரத்திலும் சாதிக் கலவரம் வந்து உயிர்கள் போயின. துப்பாக்கிச் சத்தம் கேட்ட ஊர் இது. அப்புறமும் ஜீப் ஓடினது. வேலைக்கு ஒரே ஜீப், சாவுக்குத் தனிச் சுடுகாடு. இந்த ஊரைப் புரிந்துகொள்ள இதைவிடச் சுருக்கமான விளக்கம் என்னிடம் இல்லை.

மலை யாருடையது என்ற வழக்கு பழசு. ஏலம் திருவிதாங்கூர் மன்னரின் ஏகபோகமாக இருந்த காலம் ஒன்று. வெள்ளைக்காரன் மூணாறில் தேயிலை போட்டான். அந்தத் தேயிலை டாப் ஸ்டேசனிலிருந்து கம்பிவட வழியாகக் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கேயிருந்து போடிக்கு வந்தது. 1924 வெள்ளம் மூணாறின் குட்டி ரயிலை அடித்துக்கொண்டுபோனது. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. அந்தப் பாதை 2010 கடைசியோடு மூடப்பட்டு, அகலப்பாதையாகி, 2023 ஜூனில்தான் போடிக்கு மறுபடியும் ரயில் வந்து சேர்ந்தது. தேவிகுளம், பீர்மேடு தமிழர் பகுதி என்று 1950களில் போராட்டம் நடந்தது. 1956இல் மொழிவழி மாநிலம் பிரிக்கும்போது இரண்டும் கேரளத்தோடு போயின. எல்லைக்கோடு பாட்டுக்குத் தெரியாது என்று கவிதையாகச் சொல்லலாம். ஆனால் எல்லைக்கோடு ஜீப்புக்குத் தெரியும். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை வெடித்தபோது ஏலக்காட்டிலிருந்த தமிழ்க் கூலிகள் பயந்து மூட்டை முடிச்சோடு மலையிறங்கி ஓடிவந்தார்கள். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு போட்டு வண்டிகள் நின்றபோது, இராசிங்காபுரம் பக்கத்து மலைவழியாக நடந்து திரும்பின ஏலக்காட்டுக் கூலிகள் காட்டுத்தீயில் மாட்டிக்கொண்டார்கள். பெண்களும் ஒரு பிஞ்சுக் குழந்தையும் செத்துப்போனார்கள். இரண்டு வருசத்துக்கு முன்னால் 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் இறந்ததை நாடே பேசியது. பேசவேண்டியதுதான். இவர்களைப் பற்றி ஒருநாள் செய்தி.

*

இனி பாட்டுக்கு வருவோம். போடிக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில் பண்ணைப்புரம். பாவலர் வரதராஜன் அங்கே பிறந்தவர். கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடினவர். தம்பிகளைச் சேர்த்துக்கொண்டு ‘பாவலர் பிரதர்ஸ்’ என்று ஊர் ஊராகப் போனவர். 1957இல் கேரளத்தில் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் ஆட்சி அமைந்தது. தேவிகுளம் தொகுதியில் கட்சியின் ரோசம்மா புன்னூஸ் வென்றது செல்லாது என்று தீர்ப்பாகி, 1958இல் இடைத்தேர்தல் வந்தது. மெலிந்த பெரும்பான்மையில் இருந்த ஆட்சிக்கு அது மானப் பிரச்சினை. ஓட்டுப் போடுகிறவர்களில் பெருந்தொகை தமிழ்த் தோட்டத் தொழிலாளிகள், அவர்களிலும் பெரும்பகுதி தலித் மக்கள். வரதராஜனைக் கூட்டிக்கொண்டுபோனார்கள். அவர் சனங்களுக்குத் தெரிந்த மெட்டில் அன்றாடப் பிரச்சினையைப் போட்டுக் கட்டி, லயம் லயமாக நின்று பாடினார். கூடவே ஆர்மோனியமும் குரலுமாகப் போன தம்பிகளில் ஒருவர்தான் பிறகு இளையராஜா என்று உலகம் அறிந்தவர். ரோசம்மா புன்னூஸ் வென்றார். அந்த வெற்றியில் பாவலரின் பாட்டுக்குப் பெரும்பங்கு உண்டு என்று கட்சித் தலைமையே சொன்னதாக அந்த வட்டாரத்தில் இன்றைக்கும் பேசுவார்கள்.

யோசித்துப் பாருங்கள். நாலைந்து இளவட்டங்கள், ஒரே ஊர், கையில் கிடைத்த வாத்தியம், குளிர், தொழிலாளர் லயம், ஒலிபெருக்கி. பர்மிங்காம் பையன்களுக்குப் பத்து வருசம் முந்தியே எங்கள் சரிவில் ஒரு ‘பேண்டு’ சுற்றியிருக்கிறது. அவர்களுக்கு ஒரு நாள் ஒலிப்பதிவுக் கூடம் கிடைத்தது. இவர்களுக்குக் கிடைக்கவில்லை. அந்த 1958ஆம் வருசப் பாட்டுகளைத் தட்டில் போட எந்தக் கம்பெனியும் வரவில்லை. காற்றோடு போனது. இளையராஜா 1976இல் ‘அன்னக்கிளி’ வழியாகச் சினிமாவுக்கு வந்தார். 1986இல் சினிமாவுக்கு வெளியே ‘ஹவ் டு நேம் இட்’ என்ற ஆல்பத்தைச் செய்து, அதைத் தியாகராஜருக்கும் பாஹுக்கும் காணிக்கையாக்கினார். இளையராஜா யாருக்குச் சொந்தம் என்கிற பஞ்சாயத்துக்குள் இப்போது போகவில்லை. இரண்டு பக்கமும் நிறைய எழுதியாகிவிட்டது. காணிக்கைப் பக்கத்தில் தேவிகுளத்து லயத்துக்கும் ஒரு வரி இருந்திருக்கலாமே என்று எனக்குத் தோணும். தோணுகிறதைச் சொல்லத்தான் செய்வேன்.

பறையின் கதை வேறு பாதை. வேப்பமரச் சட்டம், அதன் மேலே கன்றுத்தோல், புளியங்கொட்டைப் பசை. ஒரு கையில் தடித்த அடிக்குச்சி, இன்னொரு கையில் நீண்ட சிண்டுக்குச்சி. மலைக்கு அதைக் கொண்டுபோனால் பனியில் தோல் தொய்ந்துவிடும். வைக்கோலையோ சருகையோ கொளுத்தி அனலில் காட்டிக் காட்டி ஏற்றணும். அயோமி தந்தியைத் தளர்த்திக் கனத்தைக் கண்டுபிடித்தார். எங்கள் ஆள் தொய்ந்த தோலைத் தீயில் முறுக்கிக் கூர்மையைக் கண்டுபிடித்தான். ஐரோப்பாவில் ஒரு சுர இடைவெளியைச் சாத்தானின் ஓசை என்று சொல்லிவைத்திருந்தார்கள்; மெட்டல்காரர்கள் அதையே எடுத்து முகப்பில் வைத்தார்கள். இங்கே ஒரு வாத்தியத்தையே அமங்கலம் என்று ஒதுக்கி, வாசிக்கிறவனைச் சாவுக்கு மட்டும் கூப்பிட்டு, கூலியாகக் கள்ளும் அரிசியும் கொடுத்தார்கள். அதனால்தான் பறையடிக்க மாட்டோம் என்று பறையைக் கொளுத்தியும் உடைத்தும் நம் முன்னோர்கள் போராடினார்கள். அந்த மறுப்பை மறந்துவிட்டு, பறை ஆதித்தமிழர் இசை என்று மேடையில் மாலை போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வரும். மறுத்ததும் அரசியல், மறுபடி கையிலெடுத்ததும் அரசியல். இரண்டாவதற்கு முதலாவது செத்திருக்க வேண்டியதில்லை.

மறுபடி கையிலெடுத்த காலத்தில் நம் தலைமுறைக்குக் கிடைத்த ஆயுதம் கேசட். கே.ஏ. குணசேகரன் ‘தன்னானே’ குழுவோடு தமிழ்நாடு முழுக்கச் சுற்றினார். கீழவெண்மணியை நினைத்து இன்குலாப் எழுதின ‘மனுசங்கடா’வை அவர் குரலில் கேட்காத தலித் கூட்டம் அந்த நாளில் இல்லை. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு, ‘பறட்டை’ என்று எல்லாரும் கூப்பிட்டவர், கிராமத்து மெட்டில் பாட்டுக்கட்டி, பறையைத் தேவாலயத்துக்குள்ளேயே கொண்டுபோனார். கேசட்டின் அருமை என்னவென்றால் ஒன்றை வாங்கினால் பத்தாகப் பதிந்துகொள்ளலாம். யாருக்கு எவ்வளவு காசு போனது என்று கணக்குப் பார்க்க வழியில்லை, பார்க்கவும் இல்லை. அது இயக்கத்தின் பாட்டு, ஆகவே எல்லாருடைய பாட்டு. இந்தப் பெருந்தன்மை நல்லதுதான். ஆனால் பெருந்தன்மை எப்போதும் ஏன் நம்மிடம் மட்டும் எதிர்பார்க்கப்படுகிறது என்ற கேள்வியும் அப்போதே இருந்தது.

2015 செப்டம்பரில் மூணாறில் ‘பொம்பிளை ஒருமை’ கிளம்பினது. கட்சிச் சங்கங்கள் எல்லாவற்றையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, தேயிலைப் பெண்கள் தாங்களாகவே ரோட்டில் உட்கார்ந்தார்கள். 20 சதவீத போனசைத் திரும்ப வாங்கினார்கள். நாள்கூலி 232 ரூபாயை 500 ஆக்கு என்றார்கள். கடைசியில் 301 என்று முடிந்தது. அந்த ஒன்பது நாள் முழக்கங்களை யாராவது ஒழுங்காகப் பதிவு செய்திருந்தால், அதுவும் ஒரு ஆல்பம். தேயிலை முதலாளிக்கும் சங்கத் தலைவருக்கும் சேர்த்து அவர்கள் கட்டின கேலிக்கு ஈடாக எந்த மெட்டல் குழுவும் பாடியதில்லை. அதே சனங்களின் லயங்கள்தான் 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் மண்ணுக்குள் போயின. 70 பேர்.

*

2018 ஜனவரி 6, சென்னை கீழ்ப்பாக்கம். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கின ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையேறியது. 19 பேர். அதில் ஒரே பெண் இசைவாணி. அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன ‘சாதியற்ற தமிழர்’ என்ற கருத்திலிருந்து எடுத்த பெயர். கானா, ராப், பறை, சட்டி. கூடவே மின்கிதாரும் டிரம்சும். பறைக்கும் மின்கிதாருக்கும் ஒரே மேடையில் ஒரே உயரத்தில் இடம் கொடுத்தார்கள். கோட்டு சூட்டில் வந்து நின்றார்கள். அம்பேத்கரின் கோட்டு எதற்கு என்று தெரிந்தவர்களுக்கு அந்த உடுப்பு ஏன் என்று சொல்லவேண்டியதில்லை.

அந்தக் குழுவில் ராப் பாடின அறிவு அரக்கோணத்துப் பையன். 2019இல் அவரும் ஆஃப்ரோ என்ற இசைக்கலைஞரும் சேர்ந்து ‘தெருக்குரல்’ ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். 2021 மார்ச்சில் ‘எஞ்சாய் எஞ்சாமி’ வந்தது. அறிவும் தீயும் பாட, சந்தோஷ் நாராயணன் தயாரிப்பு. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு இந்தியாவுக்குத் திரும்பினவர். 1948இல் இலங்கை தன் தோட்டத் தமிழர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964இல் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்குபோட்டது. சந்தையில் மாட்டை எண்ணுகிற மாதிரி. காட்டை அழித்துத் தோட்டமாக்கினவர்களுக்கு ஒரு முழம் நிலம் இல்லை என்பதுதான் அந்தப் பாட்டுக்கு அடியில் இருக்கிற சங்கதி. ஒப்பாரியும் அதில் இருக்கிறது. கல்யாண வீட்டில் அதைப் போட்டு ஆடினார்கள். ஒப்பாரிக்கு ஆடுகிறார்களே என்று சில நண்பர்கள் வருத்தப்பட்டார்கள். எனக்கு வருத்தம் இல்லை. சாவு வீட்டில் ஆடுகிற சனம்தானே நாம்.

அப்புறம் நடந்ததுதான் விசயம். 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ பத்திரிகையின் அட்டையில் தீயும் இன்னொரு பாடகரும் இருந்தார்கள். பாட்டை எழுதின அறிவு இல்லை. ரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். பிறகு பத்திரிகை அறிவுக்கென்று இணையத்தில் ஒரு அட்டை போட்டது. 2022 ஜூலையில் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோதும் மேடையில் அறிவு இல்லை. அப்போது அவர் எழுதினார்: கட்டினதும் எழுதினதும் நான்தான், ஆறு மாசம் தூங்காமல் உழைத்தேன் என்கிற தோரணையில். மூன்று பேருக்கும் சமபங்குதான் என்று சந்தோஷ் நாராயணன் தரப்பு பதில் சொன்னது. 2024 மார்ச்சில் அதே சந்தோஷ், பாட்டை வெளியிட்ட மாஜா நிறுவனத்திடமிருந்து தங்கள் யாருக்கும் இதுவரை வருமானமே வரவில்லை என்று வெளியில் சொன்னார். கோடிக்கணக்கான தடவை கேட்கப்பட்ட பாட்டு.

தோட்ட வரலாறு தெரிந்தவர்களுக்கு இது எங்கேயோ கேட்ட கதையாக இருக்கும். இலங்கைத் தோட்டங்களில் ‘துண்டு’ முறை என்று ஒன்று இருந்தது. கங்காணியிடம் எவ்வளவு கடன் என்று எழுதின சீட்டு. அந்தக் கடனை அடைக்காமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். ஆளைக் கொண்டுவந்தவன் ஒருத்தன், வேலை வாங்குகிறவன் ஒருத்தன், கணக்கு எழுதுகிறவன் ஒருத்தன், கணக்குப் புத்தகம் யார் கையில் இருக்கிறது என்று கொழுந்து பறிக்கிறவளுக்குத் தெரியாது. இன்றைய இசை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். கேட்கிறவன் எண்ணிக்கை எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது, காசின் எண்ணிக்கை மட்டும் தெரியவில்லை. இதில் யார் யோக்கியன் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. சண்டையில் இருந்த எல்லாருமே தங்களுக்கு வரவில்லை என்கிறார்கள். ஆனால் அட்டையில் யார் முகம் விடுபட்டது, மேடையில் யார் இடம் விடுபட்டது என்று பார்த்தால் அது எப்போதும் தற்செயலாகவே ஒரே பக்கத்தில் நடக்கிறது.

2024இல் அறிவு ‘அம்பாசா’ என்ற தன் குழுவோடு ‘வள்ளியம்மா பேராண்டி’ என்ற ஆல்பத்தின் முதல் பகுதியை வெளியிட்டார். தலைப்பைக் கவனிக்கணும். அப்பன் பேர் இல்லை, ஊர் பேர் இல்லை, சாதிப் பட்டம் இல்லை. பாட்டி பேர். நூறு வருசமாக ‘நாட்டார் பாடல்’ என்று பேரில்லாமல் அச்சான ஒருத்தி அட்டையில் வந்து உட்கார்ந்துவிட்டாள். மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். பாடினவளின் பேரன் தன் குரலில், தன் பெயரில் ஆல்பம் போட இத்தனை காலம் ஆகியிருக்கிறது. ஹெவி மெட்டலா என்று கேட்டால் வகைப்பாட்டுக்காரர்கள் இல்லை என்பார்கள். இருக்கட்டும். கனமும் இரும்பும் அதில் வேறு விதத்தில் இருக்கிறது. பர்மிங்காம்காரர்கள் 1969இல் ஒரே நாளில் செய்துவிட்டுப்போன காரியத்துக்கு இந்தச் சரிவில் மூன்று தலைமுறை தேவைப்பட்டது. ஓசி ஆஸ்பார்ன் 2025 ஜூலை 22 அன்று இறந்தார். அதற்கு இரண்டரை வாரம் முன்னால் தான் வளர்ந்த அதே ஆஸ்டனில் கால்பந்து மைதானம் நிறைந்த கூட்டத்துக்குக் கடைசியாகப் பாடினார். ஊர் அவரைத் திரும்பக் கூப்பிட்டு நாற்காலி போட்டது.

ஏலமலைக்கென்று இன்னும் ஒரு தட்டு வரவில்லை. தேயிலைக்கு ‘எரியும் பனிக்காடு’ இருக்கிறது, ‘பரதேசி’ இருக்கிறது, இப்போது வள்ளியம்மாவும் இருக்கிறார். குந்தி உட்கார்ந்து காய் தடவுகிறவளுக்கு ஒன்றும் இல்லை. 1958இல் தேவிகுளத்தில் பாவலர் பாடக் கேட்ட சிறுவர்களுக்கு இப்போது எழுபத்தைந்து, எண்பது வயது. சிலருக்கு இன்னும் மெட்டு ஞாபகம் இருக்கும், இரண்டு மூன்று அடியாவது வரும். கைபேசி இல்லாத வீடு இல்லை. பதிகிறவர்கள் பாடினவர் பெயரையும் ஊரையும் வேலை பார்த்த எஸ்டேட்டையும் முதலில் பதியுங்கள். பாட்டைப் பிறகு பதிந்துகொள்ளலாம்.